விலை போகாத 1801

ஹரியானா பையா கதவைத் தட்டுவதும் திறப்பதும் எப்போதும் ஒரே நேரத்தில் நடக்கும். 2025 ஜூனில் ஒரு ராத்திரி, தட்டிவிட்டு வெளியிலேயே நின்றார். ஊரில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் போனை நீட்டினார். திரையில் பர்தீப் நர்வால். கபடியிலிருந்து ஓய்வாம். வயது 28.

"ஏலத்துல யாரும் எடுக்கல" என்றார் இந்தியில். அதற்கு மேல் பேசவில்லை. டீ போட்டுக் கொடுத்தேன். ஆறி ஆடை கட்டும்வரை கையிலேயே வைத்திருந்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

நாங்கள் இருப்பது அஜ்மான் இண்டஸ்ட்ரியல் ஏரியாவில். நான் ஸ்டோர் கீப்பர், அவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அவருக்குச் சொந்த மாவட்டம் சோனிபட். பர்தீப்பின் ரிண்டானா கிராமமும் அங்கேதான். எனக்கு மன்னார்குடிப் பக்கம். வடுவூருக்கு சைக்கிளிலேயே போய்விடலாம். கபடி தெரிந்தவர்களிடம் வடுவூர் என்று சொன்னால் போதும். தெரியாதவர்களுக்கு ஒரு தகவல்: 2025 அக்டோபரில் இங்கே பக்கத்தில், பஹ்ரைனில், ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வாங்கிய இந்திய ஆண்கள் கபடி அணியில் இருந்த அபினேஷ் அந்த ஊர்ப் பிள்ளை. அதே போட்டியில் தங்கம் வாங்கிய பெண்கள் அணியில்தான் கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார்.

எனக்கும் பையாவுக்கும் பொதுவாக இருந்தது கபடி ஒன்றுதான். சாப்பாடு ஒத்துவராது, ரசம் என்றாலே முகம் சுளிப்பார். என் இந்தி மூட்டை தூக்கவும் டிரைவரைத் திட்டவும் காணும், அவ்வளவுதான். ஆனால் டிவியில் கபடி ஓடினால் பாஷை தேவைப்படவில்லை. இந்தியாவில் எட்டு மணி மேட்ச் என்றால் இங்கே ஆறரை. வேலை முடிந்து வேனில் வந்து இறங்கி, குளிக்காமல் உட்கார்ந்தால் சரியாக இருக்கும்.

ஓய்வுச் செய்தி வந்த பிறகு ஃபேஸ்புக்கில் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். சோம்பேறியாகிவிட்டார், பயிற்சி போதவில்லை, காசு வந்ததும் பசி போய்விட்டது. எனக்கு அது சரியாகப் படவில்லை. பல நாள் மனதில் கிடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். புரோ கபடி லீகில் பர்தீப் ரெய்டில் எடுத்த மொத்தப் புள்ளிகள் 1801. அவர் ஓய்வு அறிவித்த நாளில் 1800-ஐத் தாண்டிய ரெய்டர் வேறு யாரும் இல்லை. ஆரம்பம் என்னவோ சுமார்தான். 2015-ல், லீகின் இரண்டாவது சீசனில், பெங்களூரு புல்ஸுக்கு ஆடினார். மொத்தமே 9 புள்ளி. அடுத்த சீசனில் பாட்னா பைரேட்ஸ் கூட்டிக்கொண்டுபோனது. அங்கே 116, அதற்கடுத்து 131. பிறகு 2017.

2017-ல் 26 ஆட்டங்களில் 369 புள்ளி எடுத்தார். ஒரு ஆட்டத்தில் பத்துப் புள்ளி எடுத்தாலே 'சூப்பர் 10' என்று பெயர் வைத்துக் கைதட்டுகிற லீக் அது. இவர் சராசரியாகவே பதினாலுக்கு மேல் எடுத்தார். ஒரு சீசனில் 300-ஐத் தொட்ட முதல் ஆளும் இவர்தான். மூன்று, நான்கு, ஐந்து என்று தொடர்ந்து மூன்று சீசன் கோப்பை பாட்னாவுக்கே போனது.

நம்ம பக்கத்துக் கதை ஒன்றும் இதற்குள் இருக்கிறது. 2016-ல், நான்காவது சீசனில், ஹைதராபாத்தில் ஜெய்ப்பூரை 37-29 என்று ஜெயித்த பாட்னா அணிக்குக் கேப்டன் தர்மராஜ் சேரலாதன். தஞ்சாவூர் ஜில்லாக்காரர். வடக்கத்திப் பையன்கள் உட்பட மொத்த லீகும் அவரை 'அண்ணா' என்றே கூப்பிட்டது. அந்த அண்ணாவின் அணியில் பத்தொன்பது வயது ரெய்டராக இருந்தவர்தான் பர்தீப். அதே அணியில் ஈரானிலிருந்து வந்த ஒரு கார்னர் டிஃபென்டரும் இருந்தார். ஃபசல் அட்ராச்சலி. அவரைப் பிற்பாடு பார்க்கலாம்.

2017 அக்டோபரில் எலிமினேட்டர் ஆட்டம், ஹரியானா ஸ்டீலர்ஸோடு. பையாவுக்கு அன்று தர்மசங்கடம். அணி சொந்த மாநிலம், எதிரில் ஆடுவது சொந்த ஜில்லாப் பையன். ரூமில் ஒன்பது பேர். ஒரே கட்டிலில் நாலு பேர் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். ஏசி சத்தத்தில் கமென்ட்ரி கேட்கவில்லை என்று ஏசியை அணைத்துவிட்டோம். அக்டோபரிலும் இங்கே அதற்குத் துணிச்சல் வேண்டும். அன்று அவர் எடுத்தது 34. அதில் ஒரே ரெய்டில் மட்டும் 8.

எட்டு எப்படி வரும் என்று கேட்டான் பட்டுக்கோட்டைப் பையன். எதிரணியில் அப்போது களத்தில் இருந்தது ஆறு பேர். ஆறு பேரும் அவுட். ஆளுக்கு ஒன்றாக ஆறு. மொத்த அணியும் காலியானால் 'ஆல் அவுட்' என்று கூடுதலாக இரண்டு. அவன் விரல் விட்டு எண்ணி முடிப்பதற்குள் பையா எழுந்து நின்றுவிட்டார். அவர் கண்ணெதிரே ஹரியானா 69-30 என்று தோற்றது. பிரியாணி அவர் செலவில்தான் வந்தது.

அந்த சீசன் இறுதி ஆட்டம் சென்னையில், நேரு உள்விளையாட்டரங்கில். நம்ம தமிழ் தலைவாஸ் அந்த வருஷம்தான் லீகுக்குள் வந்திருந்தது. தன் பிரிவில் கடைசி இடம் பிடித்து, வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. (தலைவாஸ் ரசிகனாக இருப்பதைப் பற்றித் தனிப் பதிவே போடலாம். 2022-ல் பவன் செராவத்தை 2.26 கோடிக்கு வாங்கினார்கள். முதல் ஆட்டத்திலேயே அவருக்குக் காயம். விடுங்கள்.) பாட்னா 55, குஜராத் 38. பர்தீப்புக்கு மட்டும் 19.

எல்லாம் எப்படி நடந்தது? ஒரே ஒரு வித்தையால் என்று சொன்னால் கொஞ்சம் மிகை. ஆனாலும் பெரும்பகுதி அதுதான். டுப்கி. நம்ம பாஷையில் முழுக்கு. குளத்தில் போடுகிற அதே முழுக்கு.

ரெய்டர் பாடிக்கொண்டு உள்ளே போகிறார். கையில் முப்பது விநாடி. டிஃபென்டர்கள் ரெண்டு ரெண்டு பேராகக் கை கோத்து, அரைவட்டமாக நிற்கிறார்கள். ரெய்டர் ஆழமாக உள்ளே வந்ததும் அந்த அரைவட்டம் மூடும். நடுக்கோட்டுக்கும் அவருக்கும் நடுவில் கோத்த கைகள் வேலி மாதிரி வந்து நிற்கும். சாதாரண ரெய்டர் இந்த இடத்தில் முட்டித் தள்ளப் பார்ப்பார். தாண்டிக் குதிப்பவர்களும் உண்டு. பர்தீப் தாண்டப்போகிறவர் மாதிரி உடம்பை ஒரு அங்குலம் உயர்த்துவார். வேலியும் உயரும். அந்த நொடியில் அவர் கீழே இருப்பார். மார்பு தரையை உரச, கை முன்னே நீள, கால் கட்டை விரலால் உந்தி, கோத்த கைகளுக்கு அடியில் வழுக்கிக்கொண்டு போய்விடுவார். பிடிக்கக் குனிந்தவர்கள் எல்லோரும் அவரைத் தொட்டிருப்பார்கள். கபடியில் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். எத்தனை பேர் மேலே விழுந்தார்களோ அத்தனை புள்ளி. ஆள் பலமே எதிராளிக்கு வினையாகிவிடும்.

டிவியில் பார்க்க சுலபமாக இருக்கும். நான் ஒன்பதாவது படிக்கும்போது எங்கள் ஊர் மண் களத்தில் இதைத் தெரியாத்தனமாகச் செய்து பார்த்திருக்கிறேன். டுப்கி என்று பேரெல்லாம் அப்போது தெரியாது. இரண்டு பேர் வந்தார்கள், குனிந்தேன். முன்னால் இருந்தவனின் முட்டி என் தாடையில் இடித்தது. மூன்று தையல். இன்றைக்கும் அந்த இடத்தில் தாடி முளைக்காது. அம்மா களத்துக்கே வந்து வாத்தியாரைப் பிடித்துக் கேட்டது தனிக்கதை.

அதனால்தான் சொல்கிறேன், முழுக்கு என்பது உடம்பைப் பணயம் வைக்கிற காரியம். தலை முன்னே போகிறது. முதுகின் மேல் கனத்த ஆட்கள் நாலு பேர் விழுகிறார்கள். ஓரிரு நாளில் திரும்பவும் அதே.

2018-ல் எங்கள் கேன்டீனில் நடந்த ஒரு விஷயம். அமெரிக்க இன்ஸ்பெக்டர் ஒருவர் வருஷத்துக்கு ரெண்டு தடவை வருவார், ஒக்லஹோமாக்காரர். பையா யூடியூபில் அந்த எட்டுப் புள்ளி ரெய்டை எனக்கு இருபதாவது தடவையாகக் காட்டிக்கொண்டிருந்தார். பின்னால் நின்று பார்த்தவர், இன்னொரு தடவை போடு என்றார். பிறகு தன் போனை எடுத்து ஒரு பழைய வீடியோவைக் காட்டினார். ஹெல்மெட் போட்டு, முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குள்ளமான ஒரு ஆள் ஓடுகிறார். ஐந்தாறு பேர் மேலே பாய்கிறார்கள். எல்லோர் கையிலும் காற்றுதான் இருக்கிறது. பேரி சாண்டர்ஸ்.

அவர்கள் ஊர் ஃபுட்பாலில் காலுக்குப் பெரும்பாலும் ஓடுவதுதான் வேலை. அதில் 'ரன்னிங் பேக்' என்று ஒரு இடம் உண்டு. பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு, பிடித்து வீழ்த்த வருகிற பதினோரு பேருக்கு நடுவே புகுந்து எத்தனை கஜம் முன்னேற முடியுமோ அத்தனை முன்னேற வேண்டும். நம்ம ரெய்டருக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். சாண்டர்ஸ் 1988-ல் ஒக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்காக, கல்லூரி சீசனில், 11 ஆட்டங்களில் 2,628 கஜம் ஓடினார். கிட்டத்தட்ட 2.4 கிலோமீட்டர். நடந்தால் அரை மணி. அவருக்கு அதில் ஒவ்வொரு கஜத்துக்கும் யாராவது ஒருவர் காலில் தொங்கியிருப்பார்.

அந்தச் சாதனை இன்றுவரை அப்படியே இருக்கிறது. அதிலும் ஒரு வேடிக்கை. சீசன் முடிந்து ஆடுகிற சிறப்பு ஆட்டத்தில் எடுப்பதை அந்தக் காலத்தில் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். சாண்டர்ஸ் அந்த ஆட்டத்தில் ஓடிய 222 கஜம் அதனால் ஏட்டில் இல்லை. பிறகு விதி மாறி, இப்போது சேர்க்கிறார்கள். 2024-ல் போய்சி ஸ்டேட்டின் ஆஷ்டன் ஜென்டி 14 ஆட்டம் ஆடி, எல்லாவற்றையும் சேர்த்தே, 2,601-ல் நின்றுவிட்டார். 27 கஜம் குறை. இதை நான் பையாவிடம் சொன்னபோது அவர் கேட்ட ஒரே கேள்வி: "27 கஜம்னா நம்ம குடோன் நீளம் இருக்குமா?" இருக்கும். அளந்தும் காட்டினேன்.

எனக்கு மனதில் தங்கியது சாண்டர்ஸ் விளையாட்டை விட்ட விதம். தொழில்முறை லீகில் டெட்ராய்ட்டுக்குப் பத்து வருஷம் ஆடி 15,269 கஜம் சேர்த்திருந்தார். வால்டர் பேட்டனின் 16,726-ஐத் தாண்ட 1,458 கஜம் போதும். அதற்கு முந்தைய சீசனிலேயே 1,491 ஓடியிருந்தார். அதாவது இன்னும் ஒரே வருஷம். 1999 ஜூலையில், 31 வயதில், சொந்த ஊர்ப் பத்திரிகைக்கு ஒரு ஃபேக்ஸ் அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். யாரும் அவரை வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர்தான் சொன்னார்.

பர்தீப்புக்கு அது வாய்க்கவில்லை.

369-க்குப் பிறகு 233. பிறகு 302. அடுத்து 188. 220. 122. கடைசி சீசனில் 111. இந்த எண்களை வரிசையாகப் பார்த்துத்தான் சோம்பேறி என்கிறார்கள். 2021-ல் யு.பி. யோத்தா அவரை 1.65 கோடிக்கு வாங்கியது; அதுவரை யாருக்கும் கிடைக்காத விலை. எண்களின் சரிவும் அங்கேதான் தொடங்குகிறது. காசையும் சரிவையும் முடிச்சுப் போடுவது சுலபம்.

நான் வேறு ஒரு முடிச்சைப் போடுகிறேன். அவரைக் கவிழ்த்தது வீடியோ.

ஒரு ரெய்டர் ஒரே சீசனில் 369 எடுத்தால், மற்ற அணிகளின் கோச்சுகள் தூங்குவார்களா? ஒவ்வொரு முழுக்கையும் மெதுவாக ஓட்டி ஓட்டிப் பார்த்திருப்பார்கள். உடம்பு எப்போது உயர்கிறது, எந்தக் கால் பின்னே போகிறது, எந்தப் பக்கம் சாய்கிறார். அடுத்தடுத்த சீசன்களில் அவருக்கு எதிரே நின்றவர்களைக் கவனித்தால் தெரியும். கோத்த கை கீழே இறங்கியது. பல சமயம் கோக்கவே இல்லை. அரைவட்டத்தை மூடுவதையே விட்டுவிட்டார்கள். வேலி இல்லாவிட்டால் எதற்கு அடியில் நுழைவது? கார்னர் ஆள் குத்துக்காலிட்டு உட்காராத குறையாகத் தாழ்ந்து நின்று, கணுக்காலை மட்டும் பார்த்தார். முன்னே இருப்பவர் அவசரப்பட்டு மேலே விழாமல் வழியை மறித்தார். ஆறு பேர் விழுந்து ஆறு புள்ளி கொடுத்த காலம் போய், ஒருவர் பிடித்து இன்னொருவர் முடித்து வைக்கிற காலம் வந்தது.

இதில்தான் ஃபசல் வருகிறார். 2016-ல் ஒரே அணியில், ஒரே பயிற்சிக் களத்தில் இருந்தவர்கள். பர்தீப்பின் முழுக்கைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் அவர். 2018-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டு அரையிறுதியில் ஈரான் இந்தியாவை 27-18 என்று வீழ்த்தியது. ஆசிய விளையாட்டு ஆண்கள் கபடியில் இந்தியா தங்கம் வாங்காமல் திரும்பியது அதுவே முதல் தடவை. அந்த இந்திய அணியில் பர்தீப் இருந்தார், ஈரான் பக்கம் ஃபசல். நம்ம லீகே அவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த பள்ளிக்கூடம்.

அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் பர்தீப்பை நேரில் பார்த்தோம். துபாயில், அல் வாஸ்ல் அரங்கில், கபடி மாஸ்டர்ஸ் போட்டி. ஜூன் 22, வெள்ளிக்கிழமை. அப்போது வெள்ளிதான் இங்கே வார விடுமுறை. ஒரு வேனில் பன்னிரண்டு பேர் ஏறி, ஷார்ஜா நெரிசலில் வெந்து போய்ச் சேர்ந்தோம். இந்தியா, பாகிஸ்தானை 36-20 என்று அடித்தது. அவரைப் பார்க்கத்தான் போனோம். அன்று களத்தில் மின்னியது அஜய் தாக்கூர். திரும்பும்போது பையா வாய் திறக்கவில்லை. ஜெயித்த அணியின் ரசிகர் மாதிரியே இல்லை.

பர்தீப்பின் அந்த 34-ஐயும் 2019-ல் பவன் செராவத் 39 எடுத்துத் தாண்டிவிட்டார். யாருக்கு எதிராக என்று நினைக்கிறீர்கள்? அதே ஹரியானா ஸ்டீலர்ஸ். பையாவின் ஜாதகத்தில் ஏதோ இருக்கிறது.

அந்த 2019 சீசனில் ஹரியானாவின் கேப்டன் யார் தெரியுமா? நம்ம சேரலாதன் அண்ணா. வயது 44. பர்தீப்பின் சாதனைகளுக்கு முன்னாலிருந்தே ஆடிக்கொண்டிருந்தவர். டிஃபென்டருக்கு வயசு அனுபவம். எதிராளியைப் படிக்கப் படிக்கக் கூர் ஏறும். ரெய்டருக்கு நேர்மாறு; அவரை மற்றவர்கள் படித்துக்கொண்டிருப்பார்கள். அண்ணா 44-ல் களத்தில் நின்றதும் தம்பி 28-ல் வீட்டுக்குப் போனதும் எனக்கு ஒரே விஷயத்தின் இரண்டு பக்கமாகத்தான் தெரிகிறது. பசி, காசு எல்லாம் அதற்குப் பிறகு.

2024-ல் பர்தீப்பைப் பெங்களூரு 70 லட்சத்துக்கு எடுத்தது. ஆரம்பித்த இடத்துக்கே திரும்பியிருந்தார். அந்த சீசன் முடிந்து 2025 மே கடைசியில் மும்பையில் ஏலம். பெயரைப் படித்தார்கள். பன்னிரண்டு அணிகள் உட்கார்ந்திருந்தன. ஒருவரும் கை தூக்கவில்லை.

வளைகுடாவில் இருக்கிறவர்களுக்கு இது தனியாக விளக்க வேண்டிய காட்சி இல்லை. விசா புதுப்பிக்கும் மாதம் வந்தால் எங்கள் கேம்ப்பில் நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் சத்தமாகச் சிரிக்க மாட்டார்கள். என் பழைய ரூம்மேட் ஒருவர் பதினெட்டு வருஷம் வெல்டர். அவர் போட்ட ஜாயின்ட்டை எக்ஸ்ரே எடுத்தால் குறை இருக்காது. புதுப்பிக்கும் பட்டியலில் பெயர் இல்லாததை அவருக்கு யாரும் சொல்லவில்லை. நோட்டீஸ் போர்டில் அவரே மூன்று தடவை மேலிருந்து கீழே படித்துத் தெரிந்துகொண்டார்.

பர்தீப் சில நாளில் ஓய்வை அறிவித்துவிட்டார். ஒரு விதத்தில் அதுவும் ஒரு ஃபேக்ஸ்தான், கொஞ்சம் தாமதமாக.

பையாவுக்கும் எனக்கும் அதன் பிறகு கபடிப் பேச்சு குறைந்துபோனது. அவரும் 45-ஐத் தொடப்போகிறார். அப்புறம் அக்டோபரில் 'பைசன்' படம் வந்தது. மணத்தி கணேசனின் வாழ்க்கையை வைத்து மாரி செல்வராஜ் எடுத்த படம். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய அணியில் இருந்தவர் கணேசன். கேம்ப் பையன்கள் கூட்டமாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். மறுவாரமே குடோனுக்குப் பின்னால் இருக்கிற மண் திடலில் சுண்ணாம்பு இல்லாமல் கோதுமை மாவில் கோடு போட்டார்கள். மெஸ் பொறுப்பாளருக்கு இன்னும் தெரியாது. அவர் தமிழ் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

திருச்செந்தூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன், இருபத்திரண்டு வயது, வெடுக்கென்று இருப்பான். நாலு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பியவன், ஓரத்தில் லுங்கியோடு நின்ற பையாவைப் பார்த்து, "மாமா, நீங்களும் வாங்க" என்று தமிழிலேயே கூப்பிட்டான். பையா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு லெஃப்ட் கார்னரில் போய் நின்றார். பக்கத்தில் நின்றவன் கை கோக்க நீட்டினான். வேண்டாம் என்று தலையாட்டினார். முழங்கையை முட்டியில் ஊன்றி, அரையாள் உயரத்துக்கு உட்கார்ந்தார்.

பையன் பாடிக்கொண்டு வந்தான். உடம்பை ஒரு அங்குலம் தூக்கினான். யூடியூபில் அந்த ரெய்டை அவனும் நிறையத் தடவை பார்த்திருக்கிறான் என்று அதிலேயே தெரிந்தது. முழுகினான். பையா அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. கணுக்காலைப் பிடித்துப் பக்கவாட்டில் உருண்டார். நடுக்கோட்டுக்கு ஒரு சாண் இருக்கும்போது பையன் பாட்டு விட்டுவிட்டான்.

"எப்படி மாமா தெரிஞ்சது?" என்று மண்ணைத் துப்பிக்கொண்டே கேட்டான்.

பையா காலை விடாமலே பதில் சொன்னார். நான்தான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது.

"பத்து வருஷமா அதைத்தான்டா பாத்துக்கிட்டிருக்கேன்னு சொல்றாரு."